கண்டதும் கருதியதும்: ஒரு கோடை உலா

கோடை விடுமுறை என்றவுடனே நம் மாணாக்கர் பலருக்கு நினைவில் எழுவன நீலகிரியும் கொடைக்கானலும் கடற்கரையுமேயாம். பாளையங்கோட்டையில், அதுவும் மே மாதத்துக் கத்திரி வெயிலில், காண்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்போர் பலர். எருக்கும் உடைமரமும் பனையும் புழுதியுமேயன்றி வேறொன்றுமில்லை என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு தவறென்று காட்டுதற்பொருட்டுச் சென்ற கோடையில் மாணவர் அறுவருடன் யான் ஓர் உலாச் சென்றேன். அவர்களுக்கு யான் கற்பிக்க நினைத்த பாடம் ஒன்று. யான் கற்றுக்கொண்டு மீண்ட பாடம் வேறொன்று. அவ்விரண்டையும் இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயத்தம்

இத்தகைய உலாவிற்கு வேண்டுவன மிகச் சில. ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு பென்சில், குடிநீர், தலைக்கு ஒரு துண்டு, கூடுமாயின் ஒரு பூதக்கண்ணாடி, இவை போதும். தூரதிருஷ்டிக் கண்ணாடி இருப்பின் நன்று, இல்லையெனினும் குறைவில்லை. வலையும், பூச்சிகளைக் கொல்லும் மருந்துப் புட்டியும் வேண்டா. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் பின்னர் ஒப்புநோக்குவதற்கு உதவும். ஆயினும், படம் எடுத்தாயிற்று, ஆகவே பார்த்தாயிற்று என்று எண்ணி அப்பால் நடந்துவிடலாகாது.

காலமும் அறிந்து புறப்படவேண்டும். பறவைகள் விடியற்காலையிலே சுறுசுறுப்பாயிருக்கும்; வெயில் ஏறியபின் நிழலில் ஒடுங்கிவிடும். வண்ணத்துப்பூச்சிகளோ அதற்கு மாறானவை. தம் உடலின் வெப்பத்தைத் தாமே பேணும் ஆற்றல் அவற்றிற்கு இல்லையாதலால், காலை வெயிலிற் சிறகை விரித்துக் காய்ந்து, உடல் சூடேறிய பின்னரே அவை நன்கு பறக்கத் தொடங்கும். ஆதலின் 5.45 மணிக்குப் புறப்பட்டு, 8 மணி வரை பறவைகளையும், அதன்பின் 10.30 மணி வரை பூச்சிகளையும் நோக்குவதென்று வரையறுத்துக்கொண்டோம்.

நோட்டுப்புத்தகத்தில் எழுதவேண்டுவன ஐந்து என்று மாணவர்க்குக் கூறினேன். அவை தேதி, மணி, இடம், அருகிலிருந்த செடி, எண்ணிக்கை என்பன. "செடியை ஏன் எழுதவேண்டும், ஐயா?" என்று ஒருவர் வினவினார். "அது போகப்போக விளங்கும்" என்றேன். அது எனக்கும் அன்றுதான் முற்றும் விளங்கப்போகிறதென்று அப்பொழுது யான் அறிந்திலேன்.

பறவைகள்

கல்லூரி வாயிலைக் கடந்து கால்வாயை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு பனந்தோப்பு உளது. அங்கே பனை உச்சிகளைச் சுற்றி, அரிவாள் போல் வளைந்த சிறகுகளுடன் சிறு பறவைகள் ஓயாது சுழன்றுகொண்டிருந்தன. இவை பனை உழவாரன் எனப்படும். பஞ்சையும் மெல்லிய இறகையும் தம் எச்சிலால் ஒட்டிப் பனையோலையின் அடிப்புறத்தே இவை கூடமைக்கும். பனைகளை வெட்டிவிடின் இப்பறவைக்கு நம்மூரிற் குடியிருக்க இடமில்லை.

தோப்பின் ஓரத்துக் கம்பியிற் பச்சைநிறமுள்ள சிறு பறவை ஒன்று அமர்ந்திருந்தது. அதன் வாலின் நடுவிலிருந்து இரண்டு இறகுகள் ஊசிபோல் நீண்டிருந்தன. திடீரென்று எழுந்து, வானிலே ஒரு தேனீயைக் கவ்விக்கொண்டு மீண்டும் அதே இடத்திற்கு வந்து, அத்தேனீயைக் கம்பியில் அடித்து அடித்துத் தேய்த்தபின் விழுங்கிற்று. இதுவே பஞ்சுருட்டான். அவ்வாறு தேய்ப்பது தேனீயின் கொடுக்கை நீக்குதற்பொருட்டு. கால்வாய்க்கரையின் மண்சரிவிலே அது குடைந்திருந்த வளையையும் கண்டோம்.

அப்பால் ஓர் ஆலமரத்திலிருந்து குயிலோசை எழுந்தது. "பெண்குயில் பாடுகின்றது" என்று ஒரு மாணவர் எழுதத் தொடங்கினார். "பெண்ணென்று எங்ஙனம் அறிந்தீர்?" என்றேன். "எல்லாரும் அப்படித்தானே சொல்லுகிறார்கள்" என்றார். கால்மணி நேரம் அம்மரத்தடியில் அசையாது நின்றோம். கடைசியாகப் பாடுகின்ற பறவை வெளிக்கிளைக்கு வந்தது. அது பளபளவென்று மின்னும் கருநிறமும் சிவந்த கண்ணும் உடையது. பெண்குயில் கருநிறத்ததன்று, பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் நிறைந்தது. கூவென்று நீட்டிப் பாடுவது ஆணே. பெண்ணின் குரல் விட்டுவிட்டு ஒலிக்கும் கூர்மையான ஒலியாகும். மாணவர் தாம் எழுதியதை அடித்துத் திருத்தினார். நானும் ஆசிரியனுக்குரிய பெருமிதத்துடன் புன்னகை செய்தேன். அப்பெருமிதம் நெடுநேரம் நிலைக்கவில்லை.

எருக்கும் அதன் விருந்தினரும்

வெயில் ஏறியபின் கால்வாய்க்குச் செல்லும் தரிசு நிலத்தை அடைந்தோம். அங்கே எருக்கு மண்டிக் கிடக்கின்றது. ஆடும் தின்னாத செடி. அதன் பாலோ நஞ்சு. ஆயினும் அவ்வெருக்கின் இலையை ஒன்றே உணவாகக் கொண்டாற்போல் ஒரு புழு அதிற் வாழ்கின்றது. கருமையும் வெண்மையும் மஞ்சளுமாகிய வரிகளும், முதுகின்மேல் மூன்று இணை மெல்லிய கொம்புகளும் உடைய அப்புழுவை இலையைப் புரட்டிக் காட்டினேன். செம்பழுப்பு நிறச் சிறகும், கரிய ஓரமும், முன்சிறகின் நுனியில் வெண்பட்டையும் உள்ள வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியாக அது மாறும். எருக்கின் நச்சுப்பொருள் அதன் உடலிலே தங்குவதால் ஒருமுறை அதனைத் தின்று கசந்த பறவை மறுமுறை அதனை நாடாது. அதனாலே அது பகைவரைக் கண்டு பதறாமல் மெல்லப் பறந்து திரிகின்றது.

எண்ணிக்கொண்டே சென்றோம். கால்வாயை அடைவதற்குள் 11 ஆயிற்று. கால்வாயின் ஈரக்கரையிற் பன்னிரண்டாவது ஒன்று தாழ்ந்து பறந்துகொண்டிருந்தது.

"ஐயா," என்றார், குழுவில் எல்லாரினும் இளையவராகிய மாணவர் ஒருவர். "இஃது எருக்கை நாடவில்லையே. தரையிலுள்ள பருப்புக்கீரையில் உடலை வளைத்து வளைத்து அமர்கின்றது. முட்டையிடுவது போலத் தோன்றுகின்றது."

"இளைப்பாற அமர்ந்திருக்கும், தம்பி. 12 என்று எழுதிக்கொள்" என்றேன்.

அவர் மறுமொழி கூறாமல் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை மாணவரின் நோட்டுப்புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். அவ்விளைஞர் யான் சொன்னவாறே 12 என்று எழுதியிருந்தார், ஆனால் அதன் பக்கத்திலே, "ஒன்று கீரையில் முட்டையிட்டதோ?" என்று சிறிய எழுத்திற் குறித்து, பின்சிறகின் படம் ஒன்றும் வரைந்திருந்தார். அப்படத்திலே முன்னோரத்தருகில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தது. வெந்தய வரியனின் பின்சிறகில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் நடுவிலே இருக்கவேண்டும். நூலைப் புரட்டி ஒப்பிட்டேன். பன்னிரண்டாவது பூச்சி வெந்தய வரியன் அன்று. அதன் வேடம் பூண்ட வேறோர் இனம். ஹைப்போலிம்னஸ் மிசிப்பஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர்.

இவ்வினத்தின் ஆண் கருநிறமுடையது; பக்கத்திற்கு மூன்றாக, நீலச்சாயல் சூழ்ந்த வெண்புள்ளிகள் உடையது. இதனையும் வெந்தய வரியனையும் ஒருவரும் மயங்கார். பெண்ணோ அச்சொட்டாக வெந்தய வரியனைப் போன்றது. அதன் உடலிற் கசப்பில்லை; கசப்புள்ளதன் ஆடையை மட்டும் அணிந்து பறவைகளை ஏய்க்கின்றது. இத்தகைய போலித் தோற்றத்தின் காரணத்தை முதன்முதல் விளக்கியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் 1848-ஆம் ஆண்டில் வாலஸ் என்பாருடன் அமேசான் ஆற்றுப் பிரதேசத்திற்குச் சென்று, 11 ஆண்டுகள் அங்கே தங்கிப் பூச்சிகளை ஆராய்ந்து, தம் கொள்கையை 1862-இல் வெளியிட்டார். போலி மிகுந்து மெய் குறையின் அவ்வேடம் பயன்படாது. ஏனெனில் பறவைகள் கசப்பைவிட இனிமையையே அடிக்கடி சுவைக்க நேரிடும்.

மறுநாட் காலையில் அவ்விளைஞரை அழைத்துக்கொண்டு அதே கீரைப்பாத்திக்குச் சென்றேன். இலையின் அடியில் முட்டை இருந்தது. சில நாட்களிற் பொரிந்து வளர்ந்த புழுவும் வரியுடையதாயில்லை. கருத்து, உடலெங்கும் கிளைத்த முட்கள் நிறைந்திருந்தது. ஐயம் தீர்ந்தது. பூச்சியைத் தப்பாது காட்டிக்கொடுத்தது அதன் சிறகன்று. அது தேடிய செடியே. செடியை எழுதுக என்று பிறர்க்குக் கூறிய யானே அதனை எழுத மறுத்தேன்.

இழப்பு இதனோடு நிற்கவில்லை. எட்டு ஆண்டுகளாகக் கோடைதோறும் அத்தரிசில் வெந்தய வரியன்களை எண்ணி எழுதிவைத்த குறிப்புகள் என்னிடம் இருந்தன. அவற்றைக் கல்லூரி நூல்நிலையத்திற் சேர்ப்பிக்கவேண்டுமென்றும் எண்ணியிருந்தேன். அவ்வெண்களுள் எத்தனை மெய், எத்தனை போலி? யான் அறியேன், அறிவதற்கு இனி வழியுமில்லை. அன்றைய பன்னிரண்டிற்கூட, அருகிருந்து நோக்கியது ஒன்றே. ஏனைய பதினொன்றும் தொலைவிற் சிறகின் நிறத்தை மட்டும் கண்டு எண்ணப்பட்டவை. அக்குறிப்புகளைக் கிழித்தெறிந்துவிடலாமா என்று ஓர் இரவு எண்ணினேன். பின்னர், அவற்றின் முதற் பக்கத்திலே, "இவ்வெண்கள் செம்பழுப்பு நிறமுள்ள வண்ணத்துப்பூச்சிகளின் எண்களேயாம், அவை யாவும் வெந்தய வரியன் என்பது எழுதியவனுடைய கருத்து மட்டுமே" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மாணவர் அறுவரையும் கூட்டி அதனைப் படித்தும் காட்டினேன்.

குளவியும் புழுவும்

இனி, உலா நாளிற் கண்ட மற்றொன்றையும் கூறவேண்டும். மீளும் வழியில் வெயிலுக்கு ஒதுங்கிய கொட்டகைச் சுவரிலே ஒரு குளவி மண்ணாற் கூடு கட்டிக்கொண்டிருந்தது. குயவன் வனைந்தாற்போன்ற சிறு குடமும், அதற்கு ஒரு வாயும் அமைந்திருந்தன. அக்குடத்தினுள்ளே பச்சைநிறப் புழு ஒன்றைத் திணித்தது. பறந்து சென்று மற்றொன்றைக் கொணர்ந்து திணித்தது. பக்கத்தில் முன்னரே வாய் அடைக்கப்பட்ட குடங்கள் இரண்டு இருந்தன.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்றார் ஒருவர். நம் நாட்டில் இதனை அறியாதார் இலர். வடமொழியாளர் இதனைப் பிரமரகீட நியாயம் என்பர். குளவி ஒரு புழுவைக் கூட்டில் அடைத்து, இடைவிடாது ரீங்காரம் செய்ய, அப்புழு குளவியையே நினைந்து நினைந்து குளவியாய்விடும் என்பது கருத்து. ஆசிரியன் மாணாக்கனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கு இதனை உவமையாகப் பெரியோர் எடுத்தாண்டனர்.

அடைத்த குடங்கள் இரண்டனுள் ஒன்றைத் திறந்து பார்ப்பதென்றும், மற்றொன்றைத் தொடாது விட்டு மெல்லிய துணியால் மூடிவைப்பதென்றும் தீர்மானித்தோம். திறந்த குடத்தினுள் பச்சைப்புழுக்கள் பல இருந்தன. அவை இறக்கவில்லை, ஊசியால் தொட்டபோது சிறிது நெளிந்தன, ஆயினும் நகரும் வன்மை அவற்றிற்கு இல்லை. குடத்தின் மேற்புறத்திலிருந்து நூலிழை போன்ற ஒன்றிலே சிறிய முட்டை ஒன்று தொங்கிற்று. அதனைப் பூதக்கண்ணாடியிற் கண்டவுடன் மாணவர் பேச்சற்று நின்றனர். சில வாரங்களுக்குப்பின் மற்றைக் குடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குளவி வெளிவந்தது. உள்ளே புழுக்களின் காய்ந்த தோல் மட்டும் எஞ்சியிருந்தது.

நிகழ்ந்தது யாதெனின், தாய்க்குளவி புழுக்களைக் கொட்டிச் செயலறச் செய்து, தன் குஞ்சுக்கு அழியாத உணவாகச் சேமித்து வைக்கின்றது. முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சு அப்புழுக்களைத் தின்று வளர்கின்றது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று. பிரெஞ்சு நாட்டுப் பூச்சியறிஞராகிய ஃபாபர் என்பார் இத்தகைய வேட்டைக் குளவிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கின்றார். 1823 முதல் 1915 வரை வாழ்ந்த அவர், பள்ளிக்கூடத்து ஆசிரியராய் எளிய வாழ்வு வாழ்ந்தவர். 1879-இல் அவர் விலைக்கு வாங்கிய நிலம் பயிருக்குதவாத கற்றரிசு. முட்செடி மண்டிய அந்நிலமே அவருக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று.

நம் முன்னோரை இதுபற்றி எள்ளுதல் தகாது. அவர்கள் கண்டவை யாவும் மெய்யே. புழு உள்ளே சென்றதைக் கண்டனர். குளவி மண் பூசும்போது எழுப்பும் ஒலியைக் கேட்டனர். பின்னர்க் குளவி வெளிவந்ததையும் கண்டனர். இடையில், அடைத்த சுவருக்குள் நிகழ்ந்ததை மட்டும் காணவில்லை. காணாத இடத்தைக் கருத்தினால் நிரப்பினர். சிறகின் நிறத்தைக் கண்டு இனத்தைக் கருதிய யானும் அதனையே செய்தேன். வேறுபாடு ஒன்றே: என் கையில் பூதக்கண்ணாடியும் நூலும் இருந்தன; பக்கத்தில் ஐயம் எழுப்பிய மாணவரும் இருந்தார். ஆதலின் என் குற்றமே பெரிது.

அவ்வுவமையை யான் இப்போது வேறுவிதமாக எண்ணிப் பார்க்கின்றேன். ஆசிரியன் தன் கருத்தையே ஓயாது ஓதி, மாணாக்கன் கண்ணாற் கண்டதை மறுத்துவிடுவானாயின், அங்கே அம்மாணாக்கன் ஆசிரியனாவதில்லை. அடைத்த குடத்தினுள் இருந்த புழுவின் நிலையையே அடைவான். "12 என்று எழுதிக்கொள்" என்ற என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தும், தாம் கண்டதை ஓரத்திலே குறித்துவைத்த அவ்விளைஞரின் சிறிய எழுத்துக்களே அன்றைய உலாவில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு.

விடுமுறைக்குச் சில பயிற்சிகள்

அன்றுமுதல் எங்கள் நோட்டுப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கோடிட்டு இரண்டாகப் பிரித்துவிட்டோம். இடப்புறம் "கண்டது", வலப்புறம் "கருதியது". நிறம், புள்ளி, ஒலி, செய்கை, செடி, மணி யாவும் இடப்புறத்தன. பெயரும் காரணமும் வலப்புறத்தன. வலப்புறத்தை எத்தனை முறையும் அடித்துத் திருத்தலாம். இடப்புறத்தை வீடு திரும்பியபின் தொடுதல் கூடாது. இம்முறையை மேற்கொண்டு, வரும் விடுமுறையில் மாணாக்கர் அவரவர் ஊரிலேயே செய்யத்தக்க பயிற்சிகள் சிலவற்றைக் கூறுவேன்.

1. வீட்டருகில் எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகிய மரங்களுள் ஒன்று இருப்பின், அதன் தளிர்களை நாள்தோறும் நோக்குக. பறவையின் எச்சம்போலக் கிடக்கும் ஒன்று சிலபோது நகரும். அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. அது தோலுரிக்குந்தோறும் நிறம் மாறுவதைத் தேதியிட்டு எழுதுக.

2. கூரையின் இறவாரத்துப் புழுதியில் புனல்போன்ற சிறு குழிகளைக் காணலாம். அவை குழியானையின் வேலை. ஓர் எறும்பு வழுக்கி விழும்போது நிகழ்வதைக் காண்க. அக்குழியானை தட்டானைப் போன்ற சிறகுள்ள பூச்சியாய் மாறும் பருவத்தைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

3. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பர். அதனை நம்பவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா. 30 நாட்கள், மாலைதோறும் தட்டான் பறந்த உயரத்தையும், அதன்பின் மழை பெய்ததா இல்லையா என்பதையும் எழுதி வருக. பின்னர் நீவிரே தீர்ப்புக் கூறலாம்.

இத்தகைய பழக்கம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி இனிமையாக எழுதிய மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். 1996-இல் மறையும் வரை, தாமே நேரிற் கண்டதை எழுதும் உறுதியிற் சிறிதும் தளராதவர்.

நிறைவாக, கல்லூரி அதிகாரிகட்கும் பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கல்லூரி திறப்பதற்கு முன் வளாகத்தைத் துப்புரவு செய்யும்பொழுது எருக்கும் பிற களைகளும் வேருடன் அகற்றப்படுகின்றன. வளாகம் தூய்மையாயிருத்தல் வேண்டுவதே. ஆயினும், மேற்கு மதிலோரத்தில் ஒரு சிறு மூலையையேனும் அவ்வண்ணமே விட்டுவைத்தல் நலம். எருக்கை வெட்டினால் வெந்தய வரியன் போம். பருப்புக்கீரையைச் செதுக்கினால் அதன் போலியும் போம். பின்னர் மாணாக்கர் மெய்யையும் போலியையும் படத்திலேதான் ஒப்பிட நேரும்.

ஜூன் மாதத்திற் கல்லூரி திறந்தவுடன் மாணாக்கர் தத்தம் நோட்டுப்புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுவார்களாக. என் பழைய குறிப்புகள் எட்டாண்டினவும் நூல்நிலையத்தில் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும். அவற்றிலே வேறு பிழை காண்பவர் தயங்காது ஓரத்திற் குறித்துவைக்குமாறு வேண்டுகின்றேன்.